முப்பது நாளுக்கு ஒருமுறை

அகதிகளுக்காக வாதாட வேண்டும் என்று சட்டம் படிக்க வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு நான் முதலில் மூன்று எண்களைச் சொல்லித் தருகிறேன். 48 மணித்தியாலம், 7 நாள், 30 நாள்.

கனடாவின் குடிவரவுச் சட்டத்தின்கீழ் ஒருவரைப் பிடித்து வைத்தால், 48 மணித்தியாலத்துக்குள் அவரைத் தீர்ப்பாயத்தின் முன் கொண்டுவந்து, ஏன் பிடித்து வைத்திருக்கிறோம் என்று அரசு காரணம் சொல்ல வேண்டும். விடவில்லையென்றால் அடுத்த 7 நாளுக்குள் இன்னொரு முறை. அதற்குப் பிறகு 30 நாளுக்கு ஒருமுறை, அவர் வெளியே வரும்வரை அல்லது நாடு கடத்தப்படும்வரை. தடுப்புக்காவல் மறுஆய்வு என்பது இதன் பெயர். எங்கள் தமிழ் ஆட்கள் 'ரிவியூ' என்பார்கள். அங்கே தீர்ப்புச் சொல்பவர் நீதிபதி அல்ல, குடிவரவு அகதிகள் சபையின் உறுப்பினர் ஒருவர். ஒரு பக்கம் அமைச்சரின் பிரதிநிதி. மறுபக்கம் தடுப்பில் இருப்பவர், வாய்த்தால் அவருக்கு ஒரு சட்டத்தரணி. ஆள் சிறையில் இருந்தபடி திரையில் மட்டும் தெரிகிற நாட்களும் உண்டு. சில ரிவியூக்கள் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.

என் வேலைக்காலம் அந்த அரை மணித்தியாலங்களுக்குக் கடதாசி சேர்ப்பதில்தான் போனது. நான் சட்டத்தரணி இல்லை. குடிவரவு வழக்குகள் எடுக்கும் அலுவலகங்களில் உதவியாளராக இருந்தவள். பேசியவர்கள் சட்டத்தரணிகள், அவர்கள் கையில் இருந்த கோப்பு நான் கட்டியது. அந்த இருப்பிடத்திலிருந்து நான் கண்டதைச் சொல்கிறேன். தடுப்பில் இருப்பவரை வெளியே கொண்டுவருபவர், ஒவ்வொரு முப்பது நாளும் புதிதாக ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பப் போய் நிற்கிறவர். நல்ல பேச்சாளர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களிலும் திரும்பப் போய் நின்றவர்களுக்குத்தான் கதவு திறந்தது.

'புதிதாக ஒன்று' என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? ஒவ்வொரு மறுஆய்விலும் உறுப்பினர் தானே யோசித்து முடிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆனால் முந்தைய உறுப்பினரின் முடிவிலிருந்து விலகினால் அதற்குத் தெளிவான காரணம் காட்ட வேண்டும் என்று 2004இல் ஃபெடரல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்ற மாதம் சொன்னதையே இந்த மாதமும் சொன்னால் சென்ற மாதம் கிடைத்த பதில்தான் கிடைக்கும். மனிதர் இன்னொரு மாதம் உள்ளே இருப்பார்.

பிடித்து வைக்க அரசு பெரும்பாலும் சொல்லும் காரணங்கள் மூன்று. ஆள் தலைமறைவாகிவிடுவார், பொதுமக்களுக்கு ஆபத்து, யார் என்று உறுதியாகவில்லை. ஒவ்வொன்றுக்கும் மறுமொழி கடதாசியில்தான் இருக்கிறது. அடையாளம் என்றால் தேசிய அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூட விடுகைப் பத்திரம், கிராம சேவகரின் கடிதம், ஊரில் இருக்கும் தாயின் சத்தியக் கடதாசி. இவற்றை இலங்கையில் போர் நடந்த ஊரிலிருந்து எடுப்பது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பாருங்கள். கச்சேரி எரிந்திருக்கும். பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்திருக்கும். கடிதம் கேட்டுப் போகும் தாயை யாராவது பின்தொடர்ந்து போய் விசாரிப்பார்களோ என்ற பயம் இங்கே மகனுக்கு இருக்கும். அந்தப் பயத்தை அலட்சியம் செய்துவிட்டுக் கடதாசி கேட்கக் கூடாது. அவன் வேண்டாம் என்றால் வேறு வழி தேட வேண்டும். ஊரில் அவனோடு ஒரே வகுப்பில் படித்தவன் யாராவது ரொறன்ரோவில் இருப்பான். அவன் வந்து சத்தியம் செய்து சொல்லட்டும்.

2010 ஆகஸ்ட் 13ஆம் திகதி 'சன் சீ' கப்பல் வன்கூவர் தீவின் எஸ்குவைமால்ட் கடற்படைத் துறைக்குக் கொண்டுவரப்பட்டது. தாய்லாந்திலிருந்து பசிபிக் கடலைக் கடந்து வந்தது. உள்ளே 492 தமிழர், அவர்களில் 49 பேர் சிறுவர். வழியில் ஒருவர் இறந்திருந்தார். முந்தைய ஆண்டு அக்டோபரில் 'ஓசன் லேடி' கப்பலில் வந்த 76 ஆண்களும் தடுப்பில் வைக்கப்பட்டுச் சில மாதங்களில் வெளியே வந்துவிட்டார்கள். இந்த முறை அரசு இறுக்கிப் பிடித்தது. கப்பல் கரைக்கு வரும் முன்பே பயங்கரவாதி, ஆட்கடத்தல்காரர் என்ற பேச்சு அமைச்சர் வாயிலிருந்து வந்துவிட்டது. ஆண்கள் மேப்பிள் ரிட்ஜில் உள்ள ஃபிரேசர் சிறைக்குப் போனார்கள். தாய்மாரும் பிள்ளைகளும் பர்னபியில் இளங்குற்றவாளிகளுக்கென்று கட்டிய தடுப்பு நிலையத்துக்குப் போனார்கள். ஒரே கப்பலில் ஒன்றாக வந்த தகப்பனும் பிள்ளையும் வேறு வேறு கட்டடத்தில்.

பலர் தேசிய அடையாள அட்டையைக் கடல் நீர் படாமல் பொத்திக் கொண்டுவந்திருந்தார்கள். அது உண்மையானதா என்று பரிசோதிக்கக் காலம் வேண்டும் என்றது அரசு தரப்பு. முப்பது நாள் போனது. இன்னும் வேண்டும் என்றது. அடுத்த முப்பது. அடையாளம் உறுதியானவருக்கு வேறு காரணம் வந்தது. இத்தனை பேருக்கும் ஒவ்வொரு மாதமும் ரிவியூ என்றால் எத்தனை கோப்பு, எத்தனை மொழிபெயர்ப்பாளர், எத்தனை சட்டத்தரணி என்று எண்ணிப் பாருங்கள். வன்கூவரின் குடிவரவுச் சட்டத்தரணிகள் சிலர் அந்த மாதங்களில் மற்ற வேலையை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு இதற்கே நின்றார்கள். தமிழ் தெரியாத ஆட்கள் அவர்கள். அந்த நன்றியை நீங்களும் மறக்கக் கூடாது என்பது என் ஆசை.

விடலாம் என்று உறுப்பினர் சொன்ன பிறகும் விடுதலை வராத நாட்கள் இருந்தன. அமைச்சர் தரப்பு உடனே ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போய் அந்த முடிவை நிறுத்திவைக்கக் கேட்கும். காலையில் விடுதலை என்று கேட்டவர் இரவில் அதே அறையில் படுத்திருப்பார். ஒரு பொடியன், இருபது வயதும் இராது, அப்படி ஒரு நாளுக்குப் பிறகு எங்களோடு பேசவே மறுத்துவிட்டான். அவனுக்காக வாதாடிய சட்டத்தரணி பதினைந்து நிமிடம் ஒன்றும் கேட்காமல் எதிரே இருந்தார். எழும்பும்போது அடுத்த ரிவியூவின் திகதியை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்து, அன்றைக்கு நான் வருவேன் என்றார். வந்தார். அடுத்த மாதமும் வந்தார். அவன் பேசத் தொடங்கினான்.

இதிலிருந்து நான் கற்றது ஒன்று உண்டு, உங்களுக்கும் உதவும். தடுப்பில் இருப்பவருக்கு ஒருபோதும் 'வெளியே வந்துவிடுவீர்கள்' என்று சொல்லாதீர்கள். அது உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பது நீங்கள் வருகிற திகதி. அதை எழுதிக் கொடுங்கள், அந்த நாளில் போய் நில்லுங்கள். முதல் சந்திப்பிலேயே சித்திரவதையைப் பற்றிக் கேட்காதீர்கள். வீட்டுக்குப் பேசினீர்களா, மருந்து கிடைக்கிறதா, அறையில் கூட இருப்பவர் யார், இரவில் நித்திரை வருகிறதா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அந்த மருந்துக்கு ஏதாவது செய்யுங்கள். தான் கேட்ட சின்ன விடயத்தை நீங்கள் செய்து முடித்தீர்கள் என்று கண்டால்தான் பெரிய விடயத்தை உங்களிடம் ஒப்படைக்க ஒருவருக்கு மனம் வரும்.

பிணையாளரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விடுதலைக் கோப்பில் பாதி அதுதான். கனடாக் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவுரிமை உள்ள ஒருவர் பணம் கட்டியோ, கட்டுவதாக உறுதி எழுதியோ இவருக்காக நிற்க வேண்டும். பணம் இருந்தால் போதும் என்று ஆட்கள் நினைப்பார்கள். உறுப்பினர் பார்ப்பது வேறு. இவர் சொன்னால் அவர் கேட்பாரா? அவர் காணாமல் போனால் இவர் வந்து சொல்வாரா? ஸ்காபரோவில் தொழிற்சாலை வேலை செய்த ஒரு பெண், ஊரில் தன்னோடு படித்த சிநேகிதியின் மகனுக்காகப் பிணை நிற்க வந்தார். சேமித்த காசை முழுவதும் கட்டத் தயாராக இருந்தார். பையனை நேரில் கண்டதுண்டா என்று உறுப்பினர் கேட்டார். இல்லை, தாயைத்தான் தெரியும் என்று உள்ளதைச் சொன்னார். தெரியாத பிள்ளைக்கு எப்படிப் பொறுப்பாவீர்கள் என்று பிணையை ஏற்கவில்லை.

அழுதுகொண்டு வெளியே வந்த அவரிடம் சட்டத்தரணி சொன்னது: இன்னும் முப்பது நாள் இருக்கிறது, அந்தப் பிள்ளையைத் தெரிந்துகொள்ளுங்கள். அப்போது சிறைக்கு நாம் தொலைபேசி எடுக்க முடியாது. அவன்தான் எடுக்க வேண்டும், காசு இந்தப் பக்கம் விழும். அந்தப் பெண் இரவு வேலை முடிந்து வந்து தினமும் அந்த அழைப்பை ஏற்றார். அடுத்த ரிவியூவில் அவனுக்கு எந்தக் கையில் காயம், எந்தப் பாடத்தில் கெட்டிக்காரன், எதற்குக் கோபம் வரும், எந்தத் தங்கை தாயோடு இருக்கிறாள் என்று எல்லாம் சொன்னார். தன் வீட்டில் அவனுக்கென்று ஒதுக்கிய அறையின் படத்தையும், வாடகை ஒப்பந்தத்தின் பிரதியையும், வேலைத்தலக் கடிதத்தையும் கொண்டுவந்திருந்தார். உறுப்பினர் ஏற்றார். சட்டப் புள்ளி ஒன்றும் மாறவில்லை. அதே பணம், அதே பெண், அதே பையன். ஒரு மாதத்துக்குள் இரண்டு பேருக்கிடையே ஓர் உறவு உண்டாகி, அதற்குச் சாட்சியும் உண்டாகியிருந்தது.

சன் சீ வந்த ஆண்டில் ரொறன்ரோவில் எங்கள் ஆட்களிலேயே சிலர், இவர்கள் கப்பலில் வந்து எங்கள் பெயரைக் கெடுக்கிறார்கள் என்று பேசினார்கள். கலியாண மண்டபங்களில் என் காதாலேயே கேட்டேன். எனக்கு அது இன்றைக்கும் வலிக்கிறது. ஏனென்றால் எங்களில் அநேகர் எப்படி வந்து சேர்ந்தோம் என்று எங்களுக்குத் தெரியும். 1986 ஆகஸ்ட் 11ஆம் திகதி நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்ததை மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று அவர்கள் முதலில் சொன்னார்கள். உண்மையில் கப்பல் ஏறியது மேற்கு ஜெர்மனியில். அது வெளியே வந்தபோது நாட்டில் பெரிய கோபம். ஆனாலும் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அனுமதி கொடுத்து இருக்கவிட்டார்கள். பயத்தில் வழியை மாற்றிச் சொன்னவருக்கும், ஊரில் ஆபத்து இருந்தால் இருக்கத்தான் செய்கிறது. பொய் சொன்னதால் ஆபத்து இல்லாமல் போகாது.

ஆகவே உங்கள் கட்சிக்காரர் நல்லவரா என்று தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். கல்லூரிகளில் பேசுபவர்கள் அகதிகளில் மருத்துவர் உண்டு, பொறியியலாளர் உண்டு என்று பெருமையோடு சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் சிறையில் நான் சந்தித்தவர்களில் கோபக்காரர் இருந்தார்கள், குடித்துவிட்டு அடிபட்டவர் இருந்தார்கள், என்னை ஏசியவர்களும் இருந்தார்கள். காரணம் இல்லாமல் அடைத்து வைக்கப்படாமல் இருக்க அவர்களுக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை அவர்கள் நடத்தையால் சம்பாதிக்கவில்லை. இந்த மண்ணில் நிற்கிறார்கள், அது போதும்.

போதும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 1985 ஏப்ரல் 4ஆம் திகதி வந்த சிங் வழக்கின் தீர்ப்பு அது. ஏழு பேர், அவர்களில் பெரும்பாலானோர் இந்தியாவிலிருந்து வந்த சீக்கியர். அவர்களுடைய அகதிக் கோரிக்கையை, முகத்தைக்கூடப் பார்க்காமல், கடதாசியை வைத்தே நிராகரித்திருந்தார்கள். கனடா மண்ணில் இருக்கும் எவருக்கும் உயிர், சுதந்திரம், பாதுகாப்பு பற்றிய அரசியலமைப்புக் காவல் உண்டு. ஒருவர் சொல்வது உண்மையா என்று தீர்மானிக்க வேண்டுமானால் அவரை நேரில் இருத்திக் கேட்க வேண்டும் என்று நீதிபதி பெர்த்தா வில்சன் எழுதினார். எல்லோரையும் நேரில் கேட்டால் செலவு, தாமதம் என்ற அரசின் வாதத்தை அவர் ஏற்கவில்லை. நிர்வாகத்துக்கு வசதிக்குறைவு என்பது உரிமையை மறுக்கக் காரணமாகாது. அந்தத் தீர்ப்பின் விளைவாகத்தான் 1989இல் குடிவரவு அகதிகள் சபை வேலை தொடங்கியது. எங்களில் ஆயிரக்கணக்கானோர் நேரில் இருந்து எங்கள் கதையைச் சொல்ல முடிந்தது அந்த ஏழு பேரால். நாங்கள் அவர்களைக் கண்டதில்லை. இந்த நாட்டில் ஏப்ரல் 4 அகதி உரிமை நாளாக நினைவுகூரப்படுகிறது. வீட்டில் பெரியவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுங்கள்.

சன் சீயில் வந்தவர்களும் சட்டத்துக்கு ஒன்றைக் கொடுத்துப் போயிருக்கிறார்கள். கப்பலில் வேலை செய்தார்கள் என்று சிலரை ஆட்கடத்தல் குற்றத்துக்குள் அடக்கி, அகதிக் கோரிக்கை வைக்கவே தகுதி இல்லை என்றது அரசு. ஒருவர் இயந்திர அறையில் வெப்பமும் தண்ணீரும் எண்ணெயும் எவ்வளவு என்று பார்த்தவர். இன்னொருவர் கூடுதல் சாப்பாட்டுக்காகச் சமைத்தவர், தொலைநோக்கியால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கப்பலோட்டிகள் விட்டுவிட்டுப் போன பழைய கப்பலை அதில் இருந்தவர்களே ஓட்டாமல் வேறு யார் ஓட்டுவது? 2015 நவம்பர் 27ஆம் திகதி உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் சொன்னது: பண லாபத்துக்கோ பொருள் லாபத்துக்கோ, திட்டமிட்ட குற்றத்தின் பகுதியாகச் செய்தால்தான் அது ஆட்கடத்தல்; ஒன்றாகத் தப்பி வருபவர்கள் ஒருவருக்கொருவர் உதவுவது அதில் அடங்காது. பெயரை மறைத்து 'பி010' என்று எண்ணிட்ட அந்த வழக்கை முழுவதும் வாசியுங்கள். கப்பல் வந்து ஐந்து ஆண்டுக்குப் பிறகு வந்த தீர்ப்பு அது. ஐந்து ஆண்டும் யாரோ கோப்பைக் கீழே வைக்காமல் இருந்திருக்கிறார்கள்.

முப்பது நாள் என்ற கணக்கும் எப்போதும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சன் சீ வந்து இரண்டு மாதம் கழித்து நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதா, கூட்டமாக வருபவர்களை ஓராண்டுவரை மறுஆய்வே இல்லாமல் வைத்திருக்க வழி கேட்டது. அகதி அமைப்புகளும் சட்டத்தரணிகளும் எதிர்த்தார்கள். அந்த யோசனை 2012இல் சட்டமானபோது முதலில் 14 நாள், பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை என்று மாறியிருந்தது. அமைச்சர் 'குறித்த வருகை' என்று அறிவித்தவர்களுக்கு அது பொருந்தும். அந்த ஆண்டின் இறுதியில் அப்படி முதலில் அறிவிக்கப்பட்டவர்கள் கடலில் வந்தவர்களே அல்ல. அமெரிக்க எல்லையைத் தரைவழியாகக் கடந்த ருமேனியர்கள். ஒரு கூட்டத்தைக் காட்டிப் போடுகிற சட்டம் இன்னொரு கூட்டத்தின் கழுத்தில் விழும். ஆகவே தமிழர் வழக்கு என்றால் மட்டும் எழும்பி வருகிற பழக்கத்தை நீங்கள் விட்டுவிட வேண்டும். சீக்கியரின் வழக்கால் வாழ்ந்த ஆட்கள் நாங்கள்.

உங்களுக்கு எங்களிடம் இல்லாத ஒரு கருவி இருக்கிறது. 2019 மே மாதம் வந்த சீனா வழக்கில், குடிவரவுத் தடுப்பில் இருப்பவரும் மாகாண உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம் என்று உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. வழக்காளியின் பெயர்தான் அது, நாட்டைச் சொல்லவில்லை. அங்கே அடைத்து வைத்தது நியாயம் என்று காட்டுகிற பாரம் அரசின் தலையில் விழும். மாதக்கணக்கில் உள்ளே இருப்பவருக்கு அது பெரிய வேறுபாடு. 2022 ஜூலையில் பிரிட்டிஷ் கொலம்பியா, இனி எங்கள் மாகாணச் சிறைகளில் குடிவரவுத் தடுப்பாளர்களை வைக்க மாட்டோம் என்று அறிவித்தது. மனித உரிமை அமைப்புகள் அறிக்கை எழுதி, ஒவ்வொரு மாகாணத்தின் கதவையும் தட்டியதில் மற்ற மாகாணங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அதே முடிவுக்கு வந்தன. ஆனால் 2024இல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி, சிலரை மத்திய சிறை வளாகங்களில் வைக்க இடம் செய்துகொண்டது. இவ்வளவு நாள்தான் அடைத்து வைக்கலாம் என்ற மேல் எல்லை கனடாச் சட்டத்தில் இன்றும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு நெறிமுறை, நாடு கடத்துவதற்கான தடுப்புக்குக் கடைசி எல்லையாக 18 மாதத்தையாவது வைத்திருக்கிறது.

அந்த எல்லை இல்லாததால் அதிகம் நசுங்குபவர்கள் யார் தெரியுமா? எந்த நாடும் தன் ஆள் என்று ஏற்காதவர்கள், மனநலம் குன்றித் தன் பெயரையே மாற்றி மாற்றிச் சொல்பவர்கள், பிணை நிற்க ஒரு உறவும் இல்லாதவர்கள். ஒத்துழைக்கவில்லை என்று அவர்கள் கோப்பில் எழுதியிருக்கும். மாதம் பல போன பின் அந்தக் கோப்பை ஒருவரும் திறக்க விரும்பமாட்டார்கள். அப்படி ஒன்று உங்கள் மேசைக்கு வந்தால் முதல் வேலையாகக் கடைசி ரிவியூவின் ஒலிப்பதிவை வரவழைத்து முழுவதும் கேளுங்கள். எது இல்லாததால் விடவில்லை என்று உறுப்பினர் எங்கேயாவது சொல்லியிருப்பார். சிகிச்சை தர ஒரு மனநல நிலையம், தங்க ஓர் இடம், வாரம் ஒருமுறை பார்க்கப் பொறுப்பேற்கும் ஒரு தொண்டு அமைப்பு, இப்படி ஏதாவது. அதைக் குறித்துக்கொண்டு அன்றைக்கே தொலைபேசியை எடுங்கள். அடுத்த ரிவியூவுக்குள் அந்த நிலையத்திடமிருந்து கையெழுத்திட்ட கடிதம் வர வேண்டும்.